ராபின்சன் பார்க்கும் ஜீன் ராபின்சனும்

1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், அண்ணாவும் தம்பிகளும் திமுகவின் முதல் பொதுக்கூட்டத்தை நடத்தியது எங்கள் ராயபுரம் ராபின்சன் பார்க்கில்தான். தனிக்கட்சி கண்டாலும் தலைவர் நாற்காலியைப் பெரியாருக்கென்று காலியாகவே போட்டு வைத்தார்கள். அந்தப் பெருந்தன்மை தேனீக்களிடம் கிடையாது. ராணியின் வாசனை கூட்டில் குறைந்தால் சில மணி நேரத்தில் சலசலப்பு கிளம்பிவிடும். ஓரிரு நாளில் அவசர ராணிக்கு அறை கட்டத் தொடங்கிவிடும். கூடு பிரிகிற நேரத்திலும் அங்கே வழக்கம் தலைகீழ். கிழ ராணிதான் பரிவாரத்தோடு வெளியேறும், வீடும் சொத்தும் மகளுக்கு. அந்தக் கணக்கில் பார்த்தால் 1949இல் மழையில் நனைந்திருக்க வேண்டியவர் பெரியார்.

இந்த வம்பை நான் இழுப்பதற்குக் காரணம் இன்னொரு ராபின்சன். அமெரிக்காவில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தேனீயின் ஜீன்களை ஆராய்கிறவர். அவர் பெயரே ஜீன் ராபின்சன். நம்மூரில் கறிக்கடைக்காரருக்கு ஜீவகாருண்யம் என்று பெயர் இருப்பதெல்லாம் சகஜம். பேரும் பிழைப்பும் இவ்வளவு ஒத்துப்போவது அபூர்வம்.

அவர் வரைக்கும் வருவதற்கு மனுஷன் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆரம்பித்து வைத்தவர் அரிஸ்டாட்டில். கூட்டில் பெரிதாக ஒன்று உட்கார்ந்திருக்கிறது, எல்லாரும் அதைச் சுற்றி நிற்கிறார்கள், அப்படியானால் அது ராஜா. சரி, கொடுக்கோடு திரிகிற வேலைக்காரத் தேனீக்கள் ஆணா பெண்ணா? பெண்ணாக இருக்க முடியாது, ஏனென்றால் இயற்கை பெண்ணுக்கு ஆயுதம் கொடுப்பதில்லை என்றார். ஆணாகவும் இருக்க முடியாது, ஏனென்றால் ஆண் எங்கே பிள்ளை வளர்க்கிறான்? இரண்டாவது பாயிண்ட்டில் அவருக்கு உலக அனுபவம் இருந்திருக்கிறது. முதல் பாயிண்ட்டுக்கு அவரை ஒருநாள் விடியற்காலை காசிமேட்டுக்கு அழைத்து வந்திருக்க வேண்டும். ஆறு கிலோ வஞ்சிரத்தை அரிவாள்மனையில் வைத்துக்கொண்டு ஓர் ஆயா, "இன்னா வேணும் சொல்லு, சும்மா மொறைக்காத" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கிரேக்கத் தத்துவமே வேறு திசையில் போயிருக்கும்.

அந்த ராஜா கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷம் ஆண்டார். 1609இல் சார்லஸ் பட்லர் என்ற இங்கிலாந்துப் பாதிரியார், அது ராஜா இல்லை, ராணி என்று ஒரு புத்தகமே போட்டார். முதலாம் எலிசபெத் நாற்பத்து நாலு வருஷம் ஆண்டு முடித்து ஆறு வருஷம்தான் ஆகியிருந்தது. கண்ணுக்கு முன்னால் ஒரு ராணியைப் பார்த்த பிறகுதான் கூட்டுக்குள்ளும் ராணி தெரிந்தாள் போல. அப்புறம் ஹாலந்துக்காரர் ஸ்வாமர்டாம் அந்த ராஜாவை அறுத்துப் பார்த்தார். உள்ளே சினைப்பை. வழக்கு முடிந்தது.

ராணி என்று தெரிந்ததும் அடுத்த வாதம்: ராணி என்றால் ராஜரத்தம். தனி முட்டை, தனி வம்சம், பரம்பரை உரிமை. அரண்மனைக்காரர்களுக்கு இது இனித்தது. இதில் மண்ணை அள்ளிப் போட்டவர், 1760களில் ஜெர்மனியில் சாக்ஸனிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த ஷிராக் என்ற இன்னொரு பாதிரியார். பாதிரிமார்களுக்கும் தேனீக்கும் என்ன பந்தமோ! முட்டையும் புழுவும் இருக்கிற ஒரு துண்டு அடையை வெட்டி, கொஞ்சம் வேலைக்காரத் தேனீக்களோடு ஒரு பெட்டியில் போட்டு மூடினார். ராணி கிடையாது. சில நாளில் பெட்டிக்குள் ஒரு ராணி தயார். கூலிக்காரியாகப் போக வேண்டிய புழுதான் மகாராணியாக வெளியே வந்தது. பிரெஞ்சுப் புரட்சிக்கு இருபது வருஷம் முன்பே ராஜரத்தம் என்பதெல்லாம் சும்மா என்று ஒரு மரப்பெட்டி காட்டிவிட்டது. பாரிஸில் யாரும் கவனிக்கவில்லை, பாவம் லூயி.

வித்தியாசம் எல்லாம் கூழில் இருக்கிறது. ஆடி மாசம் ராயபுரத்தில் அம்மன் கோயில் வாசல்தோறும் கூழ் ஊற்றுவார்களே, தூக்குச்சட்டியோடு வருகிற எவருக்கும் இல்லை என்பது கிடையாது. கூட்டிலும் அப்படித்தான், முதல் மூன்று நாள். செவிலித் தேனீயின் தலையில் ஊறுகிற அரசக்கூழ் எல்லாப் புழுவுக்கும் உண்டு. நாலாம் நாளில் சாமானியப் புழுக்களுக்கு அதை நிறுத்தி, தேனும் மகரந்தமும் கலந்த ரேஷன். ராணியாக்க நினைத்த புழுவுக்கு மட்டும் கூழ் கடைசி வரை ஓடும். முட்டையிட்ட நாளிலிருந்து கணக்கிட்டால் ராணி பதினாறாம் நாளில் வெளியே வருவாள், வேலைக்காரி இருபத்தோராம் நாளில். ஜீன்கள் இரண்டு பேருக்கும் ஒன்றுதான். எந்த ஜீன் பேசட்டும், எது வாயை மூடட்டும் என்று பந்தி பரிமாறுகிறவர்கள் முடிவு செய்கிறார்கள். 2008இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், ஜீன் மேல் 'பூட்டு' மாட்டுகிற ஒரு நொதியைப் புழுவிலேயே அடக்கிப் பார்த்தார்கள். கூழ் உபசாரம் இல்லாமலே பெரும்பாலானவை ராணிச் சாயலில் வந்து நின்றன.

இப்போது நம்ம ஜீன் ராபின்சன். வேலைக்காரத் தேனீ முதல் இரண்டு மூன்று வாரம் வீட்டு வேலை பார்க்கும்: அறை பெருக்குவது, பிள்ளைக்கு ஊட்டுவது. அதற்கப்புறம்தான் வெளியே தேன் எடுக்கப் போகும். 1980களின் கடைசியில் ராபின்சன் ஒரு குறும்பு செய்தார். பிறந்து ஒரு நாளான தேனீக்களை மட்டும் வைத்து ஒரு கூடு. வீட்டில் பெரியவர்களே இல்லை. ஒரு வாரம் ஆனதும் குட்டிகளில் சில பள்ளிக்கூடப் பையைத் தூக்கியெறிந்த மாதிரி வெளிவேலைக்குக் கிளம்பின. அக்காமார் வந்து சேர்ந்தால் தங்கைகள் அடங்கி வீட்டோடு இருக்கும். ஊட்டுகிறவர்களை எல்லாம் எடுத்துவிட்டாலோ, தேன் தேடி அலைந்த கிழவிகள் திரும்பி வந்து தொட்டிலாட்டும். வற்றிப்போன கூழ்ச் சுரப்பி மறுபடி ஊறும்.

2003இல் அவர் குழு அறுபது தேனீக்களின் மூளையில் எந்தெந்த ஜீன் எவ்வளவு இயங்குகிறது என்று அளந்தது. அந்தக் கணக்கை மட்டும் வைத்து, இது செவிலியா, தேன் தேடியா என்று ஐம்பத்தேழுக்குச் சரியாகச் சொல்லிவிட்டார்கள். நம்மூர் நாடி ஜோசியருக்கு இந்த ரிசல்ட் வந்தால் அண்ணா நகரில் கிளை திறந்திருப்பார்.

கோபத்தையும் பார்த்திருக்கிறார்கள். 1956இல் வார்விக் கெர் என்ற விஞ்ஞானி ஆப்பிரிக்க ராணிகளைப் பிரேசிலுக்குக் கொண்டுபோனார். மறு வருஷமே சில தப்பி ஓடி, முரட்டுக் கலப்பினம் ஒன்று அமெரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் பரவியது. அதற்குப் பிறவியிலேயே மூக்குக்கு மேல் கோபம், மறுக்கவில்லை. ஆனால் சாதுவான ஐரோப்பியக் குட்டியை அந்தக் கூட்டில் விட்டு வளர்த்தால் அதுவும் சீறுகிறது. ஆபத்து என்று கூட்டுக்குத் தெரிவிக்கும் வாசனை, வாழைப்பழ வாசனை, பட்டதும் மூளையில் ஜீன்களின் இயக்கமே மாறுகிறது. வடசென்னை என்றாலே ஹீரோ கையில் பட்டாக்கத்தியைத் திணிக்கிற சினிமாக்காரர்கள் ஒருமுறை இல்லினாய் போய்வரலாம். வாழைப்பழம் மட்டும் எடுத்துப்போக வேண்டாம்.

போன வாரம் ராபின்சன் பார்க்கில் பழைய மீன்கார ஆயா ஒருத்தர் பேரனுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். கூடையை இப்போது மருமகள் தூக்குகிறாள். கிழத் தேனீ வீடு திரும்பிக் குழந்தை வளர்க்கிற கதையை, சுரப்பி ஊறுவது உட்பட, அவரிடம் விளக்கமாகச் சொன்னேன். பேரன் வாயைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"அதுங்களுக்கு மருமவ கெடியாதில்ல நைனா?"

"இல்ல ஆயா. எல்லாம் அக்கா தங்கச்சிங்கதான்."

"அப்போ செய்லாம்."