வெங்காயத்தை வென்ற விற்பன்னர்கள்

குருநாகல்–தம்புள்ள வீதியில் கலேவெல நகரைக் கடந்து போகிறவர்கள் கவனித்திருப்பார்கள்: நம் பொருளாதார மேதைகளுக்கு அங்கே ஒரு சிலைகூட இல்லை. இவ்வளவு நன்றி மறந்த ஊரா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. போட்டித்திறன், போட்டித்திறன் என்று அவர்கள் இந்த மண்ணுக்குச் செய்ததை யாராவது எழுதிவைக்க வேண்டாமா?

முதலில் வெங்காயம். மாத்தளை மாவட்டத்துப் பெரிய வெங்காயம் என்றாலே தம்புள்ள, கலேவெல, சீகிரியப் பக்கம்தான். சிறுபோகத்தில் நட்டு, ஓகஸ்ட், செப்டெம்பரில் கிண்டுவார்கள். விதைக்கும் மருந்துக்கும் கூலிக்கும் மனைவியின் நகை அதற்குள் அடகுக்கடைக்குப் போயிருக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து இந்திய வெங்காயம் மலிவு விலையில் கொழும்பில் வந்து இறங்கும். உடனே இறக்குமதி வரியைக் கூட்டமாட்டார்களா என்று கேட்காதீர்கள், நம் ஐயாமார் அவ்வளவு பொறுப்பற்றவர்கள் அல்லர். பழைய வரியில் வந்த மூட்டைகள் களஞ்சியங்களில் பத்திரமாய் அடைந்த பிறகு வர்த்தமானி வந்தே தீரும் என்பது விவசாயிகள் போகத்துக்குப் போகம் சொல்லும் முறைப்பாடு. நான் அதை நற்சான்றிதழாகவே எடுத்துக்கொள்கிறேன். மலிவாய் விற்கத் தெரியாதவன் தோட்டத்தை விட்டுப் போகட்டும் என்ற பாடத்தை இலவசமாகக் கற்பிக்க வேறு யாருக்கு மனம் வரும்?

பாடம் பலித்தது. பலர் வெங்காயத்தைக் கைவிட்டார்கள். 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. கொழும்பில் விலை துள்ளியது. 2024 ஏப்ரலில் 10,000 தொன்னுக்கு விசேட அனுமதி கிடைத்தபோது நாடே நிம்மதிப் பெருமூச்சு விட்டது. சொந்தத் தோட்டம் இருந்தும் அயல்வீட்டுத் தயவில் குழம்பு வைக்கும் சுகத்தை நமக்குக் காட்டித் தந்தவர்கள் வாழ்க.

அவர்களுடைய கணக்கு அறிவும் இலேசானதல்ல. உலகப் பொருளாதார மன்றத்தின் போட்டித்திறன் பட்டியலில் 2018இல் 140 நாடுகளுக்குள் 85ஆம் இடத்தில் இருந்த இலங்கையை 2019இல் 141 நாடுகளுக்குள் 84ஆம் இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். ஒரு படி! ஏறிய களைப்பில் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று உட்கார்ந்துவிட்டோம், அவ்வளவுதான். ஏறக்குறைய நாலில் ஒருவர் வறுமையில் இருப்பதாக உலக வங்கி கணக்கிட்டது. அடகுச் சீட்டுக்கும் உப்பேறிய மண்ணுக்கும் அந்தப் போட்டித்திறன் பட்டியலில் இடம் வைக்காதது எவ்வளவு நாகரிகமான செயல். வீட்டுச் சண்டையை வெளியே சொல்வார்களா?

இப்போது காற்று மாறியிருக்கிறது. போட்டித்திறன் என்றால் வெறும் மலிவு விலை அல்ல, நிலைபேறும் எல்லோருடைய நல்வாழ்வும் சேர்ந்ததுதான் என்று அரங்குகளில் பேசுகிறார்கள். நல்ல பேச்சு. ஆனால் நாம் இதிலும் முந்திக்கொண்டவர்கள். 2021 மே மாதம் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தி நாட்டையே பசுமையாக்கினார் அப்போதைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ. மற்ற நாடுகள் பத்து இருபது ஆண்டுகள் எடுத்துச் செய்யத் தயங்கும் வேலை. கலேவெலயில் மண்வெட்டி பிடித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எவ்வளவு நேரம் வீணாகியிருக்கும்! கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் அதைப் பெருமையோடு எடுத்துச் சொன்னார்கள். அதே ஆண்டு நவம்பரில் தடையை எடுத்தார்கள். சீனாவிலிருந்து வந்த சேதனப் பசளைக் கப்பல், கிருமி இருக்கிறதென்று சரக்கை இறக்காமலே திரும்பியது. அதற்கும் ஏறக்குறைய 70 இலட்சம் டொலர் கொடுத்தோம். ஒரு பிடி எருவும் தொடாமல் எருவுக்குக் காசு கொடுப்பது எத்தனை சுத்தமான விவசாயம்!

ஐயாமாரின் பொறுமையையும் சொல்ல வேண்டும். தம்புள்ள பொருளாதார மத்திய நிலையம் 1999இல் வந்தது. பெரிய குளிரூட்டிக் களஞ்சியம், 5,000 தொன், இந்திய உதவியோடு 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. இருபத்தாறு வருடம் ஐயாமார் பதறவே இல்லை. அதுவரை கலேவெல லொறிகளில் கத்தரிக்காய் மூட்டைக்கு மேல் பூசணி, பூசணிக்கு மேல் இரண்டு பையன்கள் தூங்கிக்கொண்டு போனார்கள். அறுவடைக்குப் பிறகு வீணாகும் மரக்கறி நூற்றுக்கு 30, 40 என்று ஆய்வாளர்கள் சொல்வார்கள். வீண் என்று ஏன் சொல்ல வேண்டும்? குப்பைமேட்டுக்கு வரும் யானைகளும் அதைத் தின்கின்றன. நல்வாழ்வில் ஒருவரையும் விட்டுவிடவில்லை.

ஆகவே, ஐயாமாரே, ஒரே ஒரு விண்ணப்பம். நிலைபேறு பற்றிய அடுத்த கருத்தரங்கைக் கொழும்பு ஹோட்டலில் வைக்காதீர்கள். ஓகஸ்ட் கடைசியில் கலேவெலயில் வையுங்கள், வெங்காயம் கிண்டுகிறவர்களையும் மேடைக்குக் கூப்பிடுங்கள். புறப்படுமுன், வரியைக் கூட்டும் வர்த்தமானியை ஜூன் மாதமே அச்சுக்குக் கொடுத்துவிடுங்கள்.