சாமிப் படந்தானே, பிள்ளையளும் பாக்கட்டும்

தெல்லிப்பழையில் பொழுதுபட விளக்கு வைத்த கையோடு வீட்டுத் தணிக்கைச் சபை கூடிவிடும். தலைவி அம்மம்மா, ரிமோட் அவர் மடியில். சபைக்கு இரண்டே விதிகள். முத்தம் வந்தால் சனலை மாற்று. சாமி வந்தால் சத்தத்தைக் கூட்டு.

"சாமிப் படந்தானே, பிள்ளையளும் பாக்கட்டும்." தீர்ப்பு முடிந்தது. மேன்முறையீடு கிடையாது.

அந்தச் சாமிப் படத்தில் நடப்பதென்ன? மூத்த மருமகள் இளையவளின் பால் செம்புக்குள் நஞ்சு கலக்கிறாள். பிள்ளையில்லாதவளை ஊர்கூடி மலடி என்று ஏசுகிறது. அவள் கோயில் படியில் தலையை மோத, அம்மன் கண்ணை உருட்டுகிறா. அந்தக் கண்ணை இடிமுழக்கத்தோடு மூன்று பக்கத்தாலும் காட்டிவிட்டு விளம்பரத்துக்குப் போகிறார்கள்: முகத்தை வெள்ளையாக்கும் கிறீம். தேவர் எல்லாரும் வெள்ளை, அசுரர் எல்லாரும் கறுப்பு என்று அரை மணித்தியாலம் பாடம் நடத்தினால் கிறீம் விற்காமல் வேறென்ன விற்கும்? நிலத்தில் சப்பாணி கட்டியிருக்கும் நாலாம் வகுப்புப் பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறது. அதைச் சபை கவனிக்கவில்லை.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கப் புகையிலை, மதுசாரச் சட்டத்துக்குப் பிறகு எங்கள் திரையில் சிகரெட்டும் சாராயக் கிளாஸும் மங்கிப்போயின. நல்லது. ஆனால் வில்லனின் கிளாஸை மறைக்கிற கை, மருமகளின் நஞ்சுச் செம்பைப் பளிச்சென்று விட்டுவிடுகிறது. நஞ்சில் மதுசாரம் இல்லைத்தானே!

பக்தித் தொடர் பார்த்தால் மனம் பண்படும் என்கிறவர்கள் ஒரு கணக்குப் பார்க்கட்டும். 1987 ஜனவரியில் தூரதர்ஷனில் ராமாயணம் தொடங்கியது. ஞாயிறு காலைகளில் இந்தியத் தெருக்கள் வெறிச்சோட, சனம் பெட்டிக்கு மாலை போட்டுக் கும்பிட்டது. அதே ஆண்டு ஒக்ரோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் புகுந்த இந்திய அமைதிப்படை நோயாளரையும் வைத்தியரையும் தாதியரையும் சுட்டுக் கொன்றது. தொடர் நிற்கவில்லை, அடுத்த ஆண்டு ஜூலை வரை ஓடியது. குடும்பம் குடும்பமாகத்தான் பார்த்தார்கள்.

புராணத்தில் கொலை இல்லையா, காமம் இல்லையா என்று கேட்பீர்கள். தாராளமாக இருக்கிறது. அதற்குத்தான் எங்கள் கோயில்களில் கந்தபுராணப் படனத்தில் ஒருவர் பாட்டைப் படிக்க, மற்றவர் பயன் சொன்னார். பயன் பிழைத்தால் தூணோரம் இருந்த கிழவர் அங்கேயே மறிப்பார். மாமரமாக நின்ற சூரனை வேல் பிளக்கிறது. அவன் மயிலும் சேவலுமாக முருகனிடமே சேர்கிறான். பகைவனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டது போல ஒரு முடிவு! பிள்ளைகளோடு பேச எவ்வளவு இருக்கிறது அதில். இப்போது பயன் சொல்லும் உத்தியோகத்தைக் கிறீம் கொம்பனி எடுத்துக்கொண்டுவிட்டது. மறிக்கக் கிழவரில்லை, அவரும் கதிரையில் இருந்து வாய் பிளந்து பார்க்கிறார்.

இத்தனைக்கும் கூப்பிடு தூரத்தில் துர்க்கை அம்மன் கோயில். 1977 இல் அதன் தலைமையை ஏற்ற சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி, ஆதரவற்ற பெண் பிள்ளைகளுக்கு 1982 இல் துர்க்காபுரம் மகளிர் இல்லம் தொடங்கினார். அம்மன் கண்ணை உருட்டவில்லை; பிள்ளைகளுக்குச் சோறும் படிப்பும் கிடைத்தன. 2008 இல் கண்மூடும் வரை அந்த அம்மா மேடையேறிச் சமயம் பேசினார். வீட்டோடு கூடியிருந்து பார்க்க இதைவிடத் தோதான கதை உண்டா?

எந்தச் சனலும் எடுக்காது. மாமியார் இல்லை, பாம்பு இல்லை, சாபம் இல்லை. கிறீம்காரன் காசு தரமாட்டான்.