குறுஞ்சாலையில் பெருவண்டி: சிக்கியலுக்கு ஒரு முன்னுரை

ஆராயப்படாத பொருள் என்று உலகில் எதுவும் மிச்சமில்லை என்றொரு எண்ணம் பரவலாக இருக்கிறது. கறையான் புற்றின் காற்றோட்டத்துக்கும் முனைவர்கள் உண்டு. நடக்கும்போது கையிலிருக்கும் காபி ஏன் தளும்புகிறது என்பதற்கும் முனைவர்கள் உண்டு. ஆனால் கட்டில், அடுப்பு, குளியலறை, கழிப்பறை சகிதம் கிளம்பிய ஏழரை மீட்டர் வண்டியொன்று, எதிரே ஓர் ஆடு வந்தாலே யோசிக்க வேண்டிய சந்துக்குள் நுழைந்து, முன்னும் போகாமல் பின்னும் வராமல் நிற்கிறதே, அந்த நிலை குறித்து முறையான சாஸ்திரம் ஒன்று என் பார்வைக்கு வரவில்லை. அக்குறையை நீக்க முற்படுகிறது இக்கட்டுரை. துறைக்குச் ‘சிக்கியல்’ என்று பெயர் சூட்டியிருக்கிறேன். கலைச்சொல் அகராதிக் குழுவினர் பொறுத்தருள்க.

ஆய்வுப் பொருள் மோட்டார்ஹோம். படப்பிடிப்புத் தளத்தில் நட்சத்திரங்கள் ஏறி உட்காரும் வண்டியை நாம் கேரவன் என்கிறோம் அல்லவா, ஏறத்தாழ அது. ஆனால் பிரிட்டனில் கேரவன் என்றால் காரின் பின்னால் கட்டி இழுத்துப்போகும் சக்கர வீடு. இஞ்சினும் வீடும் ஒரே உடம்பாக இருந்தால்தான் மோட்டார்ஹோம். இந்த நுணுக்கத்தை வாசகர் நினைவில் வைக்க வேண்டும். பிற்பாடு ஒருவர் இதை வைத்துத்தான் வாதாடப் போகிறார்.

ஆய்வுக் களமும் பிரிட்டன்தான். அமெரிக்காவில் இதைவிடப் பெரிய வண்டிகள் உண்டு, ஆனால் அங்கே சாலையும் சேர்ந்து பெரிதாகிவிடுவதால் சிக்கியலாளனுக்குப் பிழைப்பு கிடைப்பது அரிது. பிரிட்டனின் கிராமச் சாலைகளை மாடுகளும் மாட்டுக்காரர்களும் போட்டார்கள். சிலவற்றை ரோமானியர்கள் போட்டார்கள். வண்டிகளோ பெரும்பாலும் இத்தாலிய ஃபியட் டுகாட்டோவின் முதுகில் கட்டப்பட்டவை. விற்பனைக் கையேட்டில் அகலம் 2.3 மீட்டர் என்று இருக்கும். பக்கக் கண்ணாடிகளை அதில் சேர்ப்பதில்லை, சேர்த்தால் 2.6 மீட்டரைத் தாண்டும். எடை 3.5 டன்னுக்குள் இருந்தால் சாதாரணக் கார் உரிமமே போதும். 1997-க்கு முன் கார் ஓட்டத் தேறியவர்கள் பலர் அதே தேர்வின் பலத்தில் 7.5 டன் வரை ஓட்டலாம். நேற்றுவரை சின்னக் காரில் காய்கறி வாங்கி வந்தவர், இன்று ஒரு படுக்கையறையை மலையேற்றுகிறார். சட்டம் இதைத் தடுக்கவில்லை. சிக்கியல் சட்டத்துக்கு நன்றி கூறுகிறது.

வண்டி ஏன் சிக்குகிறது என்ற கேள்விக்கு இரண்டு விடைகள் வழக்கத்தில் உள்ளன. அகலம் போதவில்லை என்பது ஒரு கட்சி. வழிகாட்டிக் கருவிதான் குற்றவாளி என்பது மறு கட்சி. இரண்டாம் கட்சியார் சொல்வதிலும் உண்மை உண்டு. கார்களுக்கான வழிகாட்டிக் கருவிக்கு, தான் யாருக்கு வழி சொல்கிறோம் என்று தெரியாது. உயரம், அகலம், எடை ஆகியவற்றை உள்ளிடும் வசதி லாரிகளுக்கும் பெருவண்டிகளுக்கும் என்று தனியாக விற்கும் கருவிகளில்தான் இருக்கிறது. இருந்தும் இரு கட்சிகளையும் மறுத்து என் கருதுகோளை முன்வைக்கிறேன். வண்டி சிக்கும் இடமும் நிற்கும் இடமும் வேறு வேறு. திரும்புவதற்கு வாகான கடைசி இடத்தைத் தாண்டிய நொடியிலேயே வண்டி சிக்கிவிடுகிறது. அதன் பிறகு ஒரு மைலோ இரண்டு மைலோ நகர்வது வெறும் சம்பிரதாயம். அந்த இடத்தைத் தாண்ட வைப்பது ஸ்டியரிங் அல்ல, ‘இன்னும் கொஞ்சம் போனால் அகலமாயிடும்’ என்ற வாக்கியம்.

முதல் சான்று ஸ்காட்லாந்தின் வடமேற்கில், ஆப்பிள்கிராஸ் தீபகற்பத்துக்கு ஏறும் பெயலாக் நா பா கணவாய். 1822-இல் போட்ட சாலை. மாடு ஓட்டிப்போகும் கணவாய் என்பதே பெயரின் பொருள்; ஆகவே யாருக்காகப் போட்டது என்பதில் ஒளிவுமறைவு எதுவும் இல்லை. கடல் மட்டத்தை ஒட்டித் தொடங்கி 626 மீட்டர் ஏறுகிறது. ஐந்துக்கு ஒன்று சாய்வு, கொண்டை ஊசி வளைவுகள், பெரும்பகுதி ஒற்றை வண்டிப் பாதை. 2015-இல் ‘நார்த் கோஸ்ட் 500’ என்று இன்வர்னஸிலிருந்து புறப்பட்டு அங்கேயே வந்து முடியும் 830 கிலோமீட்டர்ச் சுற்றுலாப் பாதையை அறிவித்தபோது இந்தக் கணவாயும் அதில் சேர்ந்துகொண்டது. மாடுகளுக்குப் பிறகு அந்தச் சாலைக்கு அவ்வளவு கூட்டம்.

கணவாயின் அடிவாரத்தில் பல ஆண்டுகளாகப் புகழ்பெற்று நின்ற பலகையைச் சிக்கியலின் மூலநூல் எனலாம். ஓட்டப் பழகுபவர்கள், மிகப் பெரிய வண்டிகள், கேரவன்கள் ஆகியோருக்கு முதல் மைலுக்குப் பிறகு இச்சாலை உகந்ததல்ல என்பது அதன் சாரம். தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் மூலம் தெளிவாக இருந்தால் உரையாசிரியர்கள் சும்மா இருப்பார்களா? மோட்டார்ஹோம்காரர் பலகைக்கு முன் வண்டியை நிறுத்தி உரை காண்கிறார். ஓட்டப் பழகுபவர்: நான் அல்ல, முப்பது வருஷமாக ஓட்டுகிறேன். கேரவன்: என்னுடையது அல்ல, அது இழுத்துப்போவது, இது தானே போவது. மிகப் பெரிய வண்டி: நேற்றிரவு முகாமில் பக்கத்தில் நின்றதே, அதுதான் மிகப் பெரியது, நம்முடையது நடுத்தரம். ஆகப் பலகை வேறு யாருக்கோ எழுதப்பட்டது என்று துணிந்து, அடுத்த வரியில் கண்ணை ஓட்டுகிறார். முதல் மைலுக்குப் பிறகு! அப்படியென்றால் முதல் மைலுக்கு அனுமதி உண்டு. போய்ப் பார்க்கலாம். பலகையை எழுதியவர் கருணை மிக்கவராக இருக்க வேண்டும். அந்த ஒரு மைலை அவர் விட்டுவைத்திராவிட்டால் நம் துறைக்குத் தரவே கிடைத்திராது. ஷீல்டெய்க் வழியாகக் கரையோரம் சுற்றிவரும் வேறொரு சாலை உண்டு. அது நீளம் அதிகம், பேர் குறைவு. ஊர் திரும்பிய பின் எதைப் பற்றிப் பேசுவது என்ற கவலையும் மனிதனுக்கு உண்டல்லவா.

இனிக் கணிதம். 1966-இல் லியோ மோசர் என்ற கணித அறிஞர் ஒரு கேள்வி கேட்டார். ஓர் அலகு அகலமுள்ள நடைபாதை செங்கோணமாகத் திரும்புகிறது. அதைக் கடந்துபோகக்கூடிய மிகப் பெரிய சோபாவின் பரப்பு என்ன? வீடு மாற்றிய எவரும் வாசலில் நின்று கேட்டிருக்கக்கூடிய கேள்விதான், ஆனால் அவர்கள் அதைக் கணிதம் என்று உணரவில்லை. 1968-இல் ஹாமர்ஸ்லி 2.2074 அலகுப் பரப்புள்ள ஒரு வடிவம் தந்தார். 1992-இல் கெர்வர் அதை 2.2195 ஆக்கினார். இந்தச் சில்லறை முன்னேற்றத்துக்கு 24 ஆண்டுகள். 2024-இன் இறுதியில் ஒரு கொரியக் கணித அறிஞர், கெர்வரின் சோபாவைவிடப் பெரியது சாத்தியமே இல்லை என்று நூறு பக்கங்களுக்கு மேல் நீளும் நிரூபணம் ஒன்றை வெளியிட்டார். இவ்வளவு அறிவும் வெறும் சோபாவுக்குச் செலவானது. சோபாவையும் உள்ளே வைத்துக்கொண்டு அதே மூலையில் திரும்ப முயலும் வண்டிக்கு ஒரு தேற்றம்கூட ஒதுக்கப்படவில்லை.

அதை இங்கேயே செய்துவிடலாம். சந்தின் அகலம் அ, வண்டியின் அகலம் ஆ என்போம். செங்கோண மூலையில் நீண்ட செவ்வகம் ஒன்று திரும்ப வேண்டுமானால், அதன் நீளம், அ-வை 2-இன் வர்க்கமூலத்தால் பெருக்கி அதில் ஆ-வைக் கழித்து வருவதன் இரு மடங்கைத் தாண்டக் கூடாது. சந்து 3 மீட்டர், வண்டி 2.3 மீட்டர் என்று போட்டால் விடை 3.9 மீட்டரைக்கூட எட்டவில்லை. வண்டியோ ஏழரை மீட்டர். மூலைக்கு ஏற்ற பாதி வீடு மட்டும் திரும்பும், பாக்கிப் பாதி சந்திலேயே தங்கும். 1.8 மீட்டர் அகலமுள்ள காருக்கு அதே கணக்கில் 4.9 மீட்டர் வரை இடமிருக்கிறது. உள்ளூர்க்காரர் தம் சின்னக் காரில் கையசைத்துக்கொண்டே போவதன் ரகசியம் இதுதான். மேலும் இந்தச் சூத்திரம் வண்டி பக்கவாட்டிலும் நழுவும் என்ற தாராள மனத்துடன் எழுதப்பட்டது. உண்மை வண்டி நழுவாது. முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் போகாமல் உள்பக்கமாக வெட்டி வரும். பின் அச்சுக்கு அப்பால் துருத்தி நிற்கும் வால், இடப்பக்கம் ஒடித்தால் வலப்பக்கம் வீசும். மூலை வீட்டுச் சுவர்களில் பெரும்பாலான தழும்புகள் வாலின் கைவண்ணம். மூலைகள் எல்லாம் துல்லியச் செங்கோணமாக இருப்பதில்லை, கொஞ்சம் மழுங்கியிருக்கும் என்று யாராவது ஆட்சேபிக்கலாம். மழுங்கியது எப்படி என்று அவர் சுவரைக் கேட்கட்டும்.

டெவனுக்கு வருவோம். என் சொந்த அபிப்பிராயத்தில் சிக்கியலின் காசி அதுதான். அந்த கவுன்டி கவுன்சிலின் பொறுப்பில் ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர்ச் சாலை இருக்கிறது. பெரும்பகுதி கிராமச் சந்துகள். வண்டிச் சக்கரமும் மழையும் நூற்றாண்டுக் கணக்கில் அரித்து, பல சந்துகள் இரு புறத்து வயல்களைவிடத் தாழ்ந்து கிடக்கின்றன. ஓரங்களில் மண்கரை, கரையின் மேல் புதர் வேலி. வெளியூர்க்காரர் கண்ணுக்குப் பச்சை மட்டும் தெரியும். பச்சை என்றால் மெத்து என்று நம்பி ஓரமாக ஒதுங்குகிறார். புல்லுக்கும் பெரணிக்கும் பின்னால் கரையைத் தாங்கிக் கட்டிய கல்சுவர் பொறுமையாகக் காத்திருக்கிறது. வண்டியின் பக்கத் தகடு கிழியும் ஓசையைக் கேட்டுத்தான் பலர் டெவன் வேலியின் கட்டுமானத்தை அறிகிறார்கள்.

இதில் பருவமும் கைகோக்கிறது. பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை இங்கிலாந்தில் பண்ணை வேலிகளை வெட்டத் தடை உண்டு. சாலைப் பாதுகாப்புக்கு என்று விலக்குகள் இருந்தாலும், கோடையில் செடிகொடி தன் இஷ்டத்துக்கு வளரத்தான் செய்கிறது. அதாவது சந்து தன் அகலத்தில் மிகக் குறுகியிருக்கும் மாதங்களும், மோட்டார்ஹோம்கள் கூட்டமாக வரும் விடுமுறை மாதங்களும் ஒன்றே. குருவிக்கு வீடு கட்ட அனுமதித்த சட்டம் மனிதனின் வீட்டை நடுவழியில் நிறுத்துகிறது. இதே மாவட்டத்தின் க்ளோவெல்லி என்ற மீனவ ஊர் மட்டும் பிரச்சினையை வேரோடு பிடுங்கிவிட்டது. கல் பாவிய செங்குத்தான அதன் தெருவில் எந்த மோட்டார் வண்டிக்கும் இடமில்லை. மளிகைச் சாமான் சறுக்கு வண்டியில்தான் இறங்குகிறது. ஆய்வு நோக்கில் இது வருத்தத்துக்குரிய ஊர்.

செங்குத்துச் சாலைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கம்ப்ரியாவின் ஹார்ட்நாட் கணவாயில் மூன்றுக்கு ஒன்று சாய்வு. ரோமானியர்கள் ராவன்கிளாஸையும் ஆம்பிள்சைடையும் இணைத்த பாதை அவ்வழியேதான் போனது. அவர்களுடைய கோட்டையின் சுவர்கள் இன்றும் அங்கே நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரின்போது ராணுவத்தினர் அங்கே டாங்கி ஓட்டிப் பழகி, இருந்த சாலையையும் நாசமாக்கினார்கள். இப்போதைய தார்ச்சாலை அதற்குப் பின் வந்தது. டாங்கி ஏறிய இடம் என்று கேள்விப்பட்டுத் தைரியம் கொள்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். டுகாட்டோவில் இழுப்பது முன்சக்கரம். ஏற்றத்தில் எடை பின்னுக்குப் போகும். பின்பக்கம் தொங்கும் மிதிவண்டிகளும், கட்டிலுக்கடியில் அடைத்த சாமான்களும் நெம்புகோலாகி மூக்கைத் தூக்கும். மழையும் பெய்திருந்தால் முன்சக்கரம் சுற்றும், வீடு நகராது.

கடைசி இயல் பின்னோக்கி எடுத்தல். பிரிட்டிஷ் நெடுஞ்சாலை விதித்தொகுப்பின் 155-ஆம் விதி தெளிவானது. ஒற்றை வண்டிப் பாதையில் எதிரே வண்டி வந்தால் ஒதுங்குமிடத்தில் விலகு. மேலேறி வருபவருக்கு வழி விடு. தேவைப்பட்டால் ஒதுங்குமிடம் வரை பின்னால் எடு. ‘தேவைப்பட்டால்’ என்று எழுதியவர் காரை மனத்தில் வைத்து எழுதியிருப்பார். மோட்டார்ஹோமில் பின்னால் பார்க்கத் திரும்பினால் தெரிவது குளியலறைக் கதவு. கேமரா உண்டு, ஆனால் அதில் சேறு படிந்திருக்கும். குளிர்பெட்டி, வெந்நீர், சூரியத் தகடு என எல்லாவற்றையும் யோசித்துப் பொருத்திய ஐரோப்பியப் பொறியாளர்கள் ஒன்றை விட்டுவிட்டார்கள்: கிளீனர். தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டி, ‘வா வா வா, ஒடிச்சு வா, ஹோல்டேய்’ என்று மதுரை மாட்டுத்தாவணிக்குள் பஸ்ஸை உருட்டிவிடும் அந்தப் பையனுக்கு ஈடான உபகரணம் எந்தக் கையேட்டிலும் இல்லை. அப்பதவி இங்கே மனைவிக்கோ கணவனுக்கோ கிடைக்கிறது. இறங்கியவர் கண்ணாடியில் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு, நிறுத்து என்றும் வா என்றும் பொருள்படும் ஒரே சைகையைக் காட்டுகிறார். உள்ளே இருப்பவர் இரண்டையும் செய்கிறார். இதற்குள் பின்னால் மூன்று கார், ஒரு பால் டாங்கர், ஒரு டிராக்டர். டிராக்டர்க்காரர் இறங்கி வந்து சக்கரங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எந்த ஊர் என்று விசாரிக்கிறார்.

ஒருவாறு எல்லோரும் கூடிக் கத்தி, வேலியில் பாதியை ஜன்னல் வழியே உள்ளே வாங்கிக்கொண்டு, வண்டி அங்குலம் அங்குலமாகப் பின்னேறி, கடைசியாகத் தாண்டி வந்த ஒதுங்குமிடத்தை எட்டுகிறது. ஒதுங்குமிடத்தில் வண்டி நிறுத்தலாகாது என்கிறது 156-ஆம் விதி. அந்த விதி எதற்கு என்று இதுவரை விளங்காதிருந்தவருக்கு இப்போது விளங்கும். அங்கே இன்னொரு மோட்டார்ஹோம் நிற்கிறது. அதன் உரிமையாளர் நாற்காலி போட்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார். மேலே சாலை எப்படி, இதைவிட அகலமாகிறதா என்று கேட்கிறார்.