ஊற்றித் திருப்புதலா, ஊற்றத் திருப்புதலா? பவர் ஸ்டியரிங் ஆயில் மாற்றும் வினையில் எச்சத்தின் இடம்

பவர் ஸ்டியரிங் ஆயிலை வீட்டு வாசலிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே வாக்கியத்தைத்தான் சொல்கிறார்கள்: “ரிட்டர்ன் ஹோஸைக் கழட்டி, புது ஆயிலை ஊத்தி, ஸ்டேரிங்கை ரெண்டு பக்கமும் ஒடிச்சு, பழசை வெளியே எடுத்துடலாம்.” இதில் பொருட்பிழை ஏதும் இல்லை. பிழை இலக்கணத்தில் இருக்கிறது. கழட்டி, ஊத்தி, ஒடிச்சு என்று மூன்று வினையெச்சங்கள் வரிசையில் நின்று ‘எடுத்துடலாம்’ என்ற முற்றைக் கொண்டு முடிகின்றன. மூன்றும் ‘செய்து’ என்னும் வாய்பாட்டைச் சேர்ந்தவை. தொல்காப்பியத்தின் வினையியல் இந்த வாய்பாட்டுக்குப் போட்டிருக்கும் கட்டுப்பாடு பள்ளிக்கூடத்தில் இலக்கணம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: எச்சவினையைச் செய்தவர் எவரோ, முற்றுவினையையும் அவரே செய்திருக்க வேண்டும். சாப்பிட்டுக் கை கழுவினான் என்றால் சாப்பிட்டவனும் கழுவியவனும் ஒரே ஆள். அப்படியானால் ஹோஸைக் கழட்டியவர், ஆயிலை ஊற்றியவர், ஸ்டியரிங்கை ஒடித்தவர் மூவரும் ஒருவரே என்றாகிறது. அந்த ஒருவருக்கு எத்தனை கைகள், அவை ஒவ்வொன்றும் எவ்வளவு நீளம் என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட ஆய்வுப்பொருள். வீட்டில் செய்யப்படும் இந்த வேலை பாதியில் கெடுவதற்கும், முடித்த பிறகும் வண்டி ஊளையிடுவதற்கும் காரணம் ஆயிலின் தரமோ கருவியின் குறையோ அல்ல, ‘செய்து’ வரும் இடத்தில் ‘செய’ என்னும் வாய்பாடு (ஊற்ற, ஒடிக்க) வராமல் போனதுதான் என்று நிறுவுவது நோக்கம்.

முதலில் களம். பவர் ஸ்டியரிங்கை நடைமுறைக்கு ஏற்ற வடிவில் உருவாக்கி, 1926இல் ஓட்டிக் காட்டியவர் அமெரிக்காவின் பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தில் லாரிப் பிரிவுப் பொறியாளராக இருந்த பிரான்சிஸ் டேவிஸ். பெரிய லாரிகளை ஒடிக்க ஓட்டுநர்கள் பட்ட பாடுதான் அவரை அந்த வழியில் இழுத்தது. செலவு அதிகம் என்று கார் நிறுவனங்கள் தயங்கின. கால் நூற்றாண்டு கழித்து 1951இல் கிரைஸ்லர் இம்பீரியல் கார் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏற்பாடு எளிமையானது. இன்ஜின் பெல்ட்டால் சுழலும் ஒரு பம்ப், ஆயிலை 70 முதல் 100 பார் வரையிலான அழுத்தத்தில் சக்கரங்களைத் திருப்பும் ரேக்கின் ஏதாவது ஒரு பக்கத்துக்குத் தள்ளும். டயருக்குள் நாம் அடிக்கும் காற்று 2 பார் சொச்சம்தான் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்க. வேலை முடித்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக ஆயில் டப்பாவுக்குத் திரும்பிவரும். மொத்தச் சுற்றிலும் இருப்பது பெரும்பாலும் ஒரு லிட்டர். நம் ஆராய்ச்சிக்கு இவை எல்லாவற்றையும்விட முக்கியமான ஆதாரம் நில அமைப்பு. டப்பா பானெட்டுக்குக் கீழே இருக்கிறது, ஸ்டியரிங் வண்டிக்குள் இருக்கிறது. நடுவில் ஒரு தகரச் சுவர், ஒரு கண்ணாடி, போதாததற்கு வேலையின்போது தூக்கி நிறுத்தப்பட்ட பானெட். ஊற்றுகிற இடத்திலிருந்து ஒடிக்கிற இடம் தெரியாது, ஒடிக்கிற இடத்திலிருந்து ஊற்றுகிற இடம் தெரியாது. ‘செய்து’ என்ற எச்சம் இந்தத் தகரச் சுவரைத் தாண்டித்தான் தன் முற்றைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

‘ஒடித்தல்’ என்ற சொல்லையும் இங்கேயே கவனித்துவிடலாம். அகராதியில் ஒடித்தல் என்றால் முறித்தல். முருங்கைக் கிளையை ஒடிக்கலாம், சோம்பல் முறிக்கிறவர் விரலைச் சொடுக்கி ஒடிக்கலாம். வண்டிக்காரர்களின் தமிழில் மட்டும் ‘லெஃப்ட்ல ஒடி’ என்றால் இடப்பக்கம் திருப்பு என்று பொருள். பவர் இல்லாத ஸ்டியரிங்கை, நின்ற இடத்தில் நிற்கிற லாரியில், முழுதாகத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. எது ஒடிகிறது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருக்கலாம், சக்கரம் என்பார் ஒரு சாரார், தோள்பட்டை என்பார் மற்றொரு சாரார். டேவிஸ் கண்டுபிடித்தது ஒடித்தலைத் திருப்புதலாக மாற்றும் கருவி என்று சொன்னால் மிகையில்லை. ஆனால் ஆயில் மாற்றும்போது இன்ஜின் அணைந்திருக்கும், பம்ப் சுழலாது. அந்த அரை மணி நேரத்துக்குத் திருப்புதல் மறுபடி ஒடித்தலாகிவிடுகிறது. முன்சக்கரங்களை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி (ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது), பின்சக்கரத்துக்குக் கல் வைத்தால் தோள்பட்டை பிழைக்கும். தரையில் அழுந்தாத சக்கரம் எளிதாகத் திரும்பும்.

இனி வினையை அருகில் வைத்துப் பார்ப்போம். டப்பாவின் அடியில் பெரும்பாலும் இரண்டு குழாய்கள் இருக்கும். தடித்தது பம்புக்குப் போவது, ஒல்லியானது திரும்பி வருவது. ஒல்லியின் கிளிப்பைக் கொறட்டால் பிடித்துப் பின்னுக்குத் தள்ளி, ஹோஸைப் பிடுங்காமல் முதலில் மெல்ல ஒரு சுற்றுத் திருகினால், ஆண்டுக்கணக்கில் ஒட்டிக்கிடந்த ரப்பர் ‘சளக்’கென்று விட்டுக்கொடுக்கும். டப்பாவின் மூக்கில் ஒரு ரப்பர் மூடியை அடைத்துவிட்டு, கழன்ற ஹோஸின் வாயைக் காலி பாட்டிலுக்குள் நுழைக்க வேண்டும். பாட்டில் கண்ணாடி போலத் தெரிவதாக இருப்பது நல்லது. புது ஏ.டி.எஃப். (ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃபுளூயிட்) ஆயில், இன்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிவதற்காகச் சாயம் கலந்த சிவப்பு, நன்னாரி சர்பத் நிறம். பாட்டிலில் வந்து விழுவதோ இரண்டாம் முறை இறக்கிய டிகாஷனின் மங்கல் பழுப்பு, அடியில் கருந்துகள். ஸ்டியரிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, ஏறத்தாழ மூன்று சுற்று, ஒடிக்க ஒடிக்க ரேக்குக்குள் இருக்கும் பிஸ்டன் பழையதைத் தள்ளும், டப்பாவில் மட்டம் இறங்கும். இறங்க இறங்கப் புதியதை ஊற்ற வேண்டும். பாட்டிலில் டிகாஷன் சர்பத்தாக மாறும்போது நிறுத்த வேண்டும். ஒடிக்க ஒடிக்க, இறங்க இறங்க: வேலையை வேலையாகச் சொல்லத் தொடங்கியதுமே ‘செய்து’ விலகி ‘செய’ தானாக வந்து அமர்ந்துகொண்டதை வாசகர்கள் கவனித்திருப்பார்கள். ஒருவர் செய்ய மற்றொருவர் செய்வதைச் சொல்லத் தமிழில் இருக்கும் வாய்பாடு இது. தாய் ஊட்டக் குழந்தை உண்கிறது. ஒருவர் ஊற்ற ஒருவர் ஒடிக்கிறார். கைதேர்ந்த மெக்கானிக் பட்டறையில் பையனிடம் “நான் ஊத்த ஊத்த நீ ஒடி, நிறுத்துன்னா நிறுத்திடு” என்றுதான் சொல்வார். தொல்காப்பியத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையைப் புரட்டாமலேயே அவர் சரியான எச்சத்தைப் பிடித்துவிடுகிறார்.

இன்ஜினை ஓடவிட்டுப் பழையதை வெளியேற்றும் வேகமான முறை ஒன்றுண்டு. அதில் இலக்கணம் இன்னும் கறாராகிவிடுகிறது. ஐடிலில் ஓடினாலும் பம்ப் நிமிடத்துக்குச் சில லிட்டர் தள்ளும், டப்பாவில் இருப்பதோ கால் லிட்டர் சொச்சம். சில நொடிகளில் டப்பா காய்ந்துவிடும். சாவியைத் திருப்பிவிட்டுக் கதவைத் திறந்து, சுற்றி வந்து, மூடியைப் பார்ப்பதற்குள் பம்ப் காற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். அந்த பம்புக்கு மசகும் இதே ஆயில்தான் என்பதால் வறண்டு ஓடும் ஒவ்வொரு நொடியும் தேய்மானம். உள்ளே போன காற்று நுரைத்து, ஆயிலைக் கடைந்த மோர் போல ஆக்கி, பிறகு ஒடிக்கும்போதெல்லாம் ஊளையிட வைக்கும். அந்த ஊளைதான் தவறாகப் போடப்பட்ட எச்சத்தின் ஒலிவடிவம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

தடைகளுக்கு விடை கூறுவோம். ‘ஹோஸையே தொட வேண்டாம், சிரிஞ்சால் டப்பாவில் இருப்பதை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றி, வண்டியை ஓட்டி, ஒரு வாரம் கழித்து மறுபடி உறிஞ்சி ஊற்றினால் போதும், ஒற்றை ஆளால் ஆகிற காரியம்’ என்பது முதல் தடை. உறிஞ்சி, ஊற்றி, ஓட்டி: இங்கே ‘செய்து’ குற்றமின்றிப் பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கணக்கு பொருந்தவில்லை. சுற்றில் ஒரு லிட்டரும் டப்பாவில் அதில் மூன்றிலொரு பங்கும் இருப்பதாகக் கொண்டால், ஒவ்வொரு தடவையும் மூன்றில் இரண்டு பங்கு பழையது உள்ளேயே தங்குகிறது. ஐந்து தடவைக்குப் பிறகும் 13 சதவீதம் பழையது, பத்தாவது தடவைக்குப் பிறகும் கிட்டத்தட்ட 2 சதவீதம். அதற்குள் செலவான புது ஆயில் மூன்று லிட்டருக்கு மேல். ஹோஸைக் கழட்டினால் இரண்டு லிட்டரில் சுற்று முழுவதும் தெளிந்துவிடும். சிரிஞ்சு முறையில் பழையது ஒருபோதும் சுழியாகாது, கரண்டி மோரை மிச்சம் வைத்துத் தயிர் உறையவிடுவது போல ஒவ்வொரு வாரமும் பழையதை உறையாக வைத்துப் புதியதைப் பழையதாக்கும் முறை இது. சும்மா இருப்பதைவிட மேல் என்பதற்கு மேல் இதற்குச் சான்றிதழ் தர இயலாது. எச்சம் முற்றுப்பெற வேண்டும், எஞ்சக் கூடாது.

இரண்டாவது தடை கொஞ்சம் கனமானது. இன்ஜின் அணைந்திருக்கையில் அவசரம் ஏது, ஊற்றி, ஏறி, ஒரு முறை ஒடித்து, இறங்கிப் பார்த்து, மறுபடி ஊற்றி என்று பொறுமையாக ஒருவரே செய்யலாமே என்கிறார்கள். செய்யலாம். டப்பாவை முழுக்க நிரப்பிவிட்டு ஒவ்வொரு தடவையும் பாதிச் சுற்றே ஒடித்தால் காற்றும் போகாது. ஆனால் இந்த வரிசையில் ‘பார்த்து’ என்ற சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ‘இறங்கி’க்குப் பிறகு. பார்க்க வேண்டியதோ ஒடிக்கும்போது நிகழ்வது: பாட்டிலில் நிறம் மாறும் தருணம், ஹோஸ் வாயில் வரும் குமிழி, டப்பா வறளும் விளிம்பு. தனியாள் எப்போதும் நடந்து முடிந்ததன் தடயத்தைத்தான் பார்க்கிறார். ஹோஸ் பாட்டிலிலிருந்து நழுவிச் சுவரில் பீய்ச்சியிருந்தாலும் அவருக்குத் தெரியவருவது இறங்கிய பிறகே. அடையாளம் காண எளிது: செருப்பின் கீழ் வழுக்கும்.

மூன்றாவது தடையை எழுப்புகிறவர்கள் இலக்கணம் தெரிந்தவர்கள், எனவே ஆபத்தானவர்கள். தொல்காப்பியரே விலக்கு அளித்திருக்கிறாரே என்பது அவர்கள் வாதம். ‘கால் ஒடிந்து விழுந்தான்’ என்கிறோம். ஒடிந்தது கால், விழுந்தது ஆள். சினையின் வினை முதலின் வினையோடு முடிவது வழு அல்ல. அதுபோல, பிள்ளை தந்தையின் சினை எனக் கொண்டால், தந்தை ஊற்றிப் பிள்ளை ஒடித்தாலும் ‘ஊற்றி ஒடித்தார்கள்’ செல்லுமே? செல்லாது. சினை என்பது முதலை விட்டுப் பிரியாமல் நிற்பது, கூப்பிட்டவுடன் வருவது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜாக்கி வைக்கும்போது கூப்பிட்டவுடன் வரும் பிள்ளையைச் சினை என்று வகைப்படுத்த எந்த உரையாசிரியரும் துணிய மாட்டார். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்பதை எடுத்துக்காட்டுவோரும் உண்டு. அங்கே பெய்தது மழை, நிறைந்தது குளம். உண்மைதான். ஆனால் அதற்கு மரபு தரும் விளக்கமே ‘பெய்து’ என்பது ‘பெய்ய’ என்பதன் திரிபு என்பது. அதாவது ‘ஊத்தி ஒடிச்சு’ என்று சொன்னாலும் ‘ஊற்ற ஒடித்து’ என்றே பொருள் கொள்ள வேண்டும், ஆட்கள் இரண்டு என்பது உறுதியாகிவிடுகிறது. தடை சொல்ல வந்தவர் நம் கட்சிக்குச் சாட்சியாகிவிட்டார்.

மீதமுள்ளவை சில்லறை. கையேட்டில் மாற்றும் காலமே குறிக்கப்படவில்லையே என்பர். குறிக்காதது வேண்டாம் என்பதற்கு விதி ஆகாது, சிவப்பு பழுப்பாகி, கருகிய வாடை வந்தபின் கையேட்டின் மௌனத்தைச் சாட்சிக்கு அழைப்பதில் பயனில்லை. எந்த ஆயில் என்பதில் மட்டும் கையேட்டையே நம்ப வேண்டும். பக்கத்து டப்பாவில் இருக்கிறதே என்று பிரேக் ஆயிலை இதில் ஊற்றினால் சீல்கள் உப்பிக் கெடும், எந்த வாய்பாடும் அவற்றை மீட்காது. கடைசியாக, 1988இல் ஜப்பானின் சுசுகி செர்வோ காரில் தொடங்கிய மின்சார ஸ்டியரிங் இன்று சிறு கார்கள் பெரும்பாலானவற்றில் வந்துவிட்டதால், ஆயிலே இல்லாத காலத்தில் இந்த ஆராய்ச்சி எதற்கு என்று கேட்கலாம். ‘செய்யூ’ என்ற வாய்பாடும் வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது, இன்றும் தேர்வில் கேட்கிறார்கள். பழைய இன்னோவாவும் பொலீரோவும் சாலையில் இருக்கும்வரை ஊற்றுவதற்கும் ஒடிப்பதற்கும் எழுவாய்கள் தேவைப்படும்.

ஹோஸைத் திரும்ப மாட்டி, கிளிப்பைப் பழைய தடத்திலேயே உட்கார வைத்து, இன்ஜின் அணைந்த நிலையிலேயே இரு முனைகளுக்கும் பதினைந்து இருபது தடவை ஒடித்துக் காற்றை வெளியேற்றி, பிறகு ஸ்டார்ட் செய்து, முழு ஒடிப்பில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காமல் நுரை அடங்குகிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது. ஆராய்ச்சி முடியவில்லை. இரண்டு லிட்டர் பழுப்பு ஆயில் நிறைந்த பாட்டில் ஒன்று மிச்சம் இருக்கிறது. அதைச் சாக்கடையில் கொட்டக் கூடாது, கழிவு ஆயில் பீப்பாய் வைத்திருக்கும் பட்டறையில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஊற்றியவர் ஒடித்தவரைப் பார்ப்பார், ஒடித்தவர் கை கழுவப் போய்விடுவார். ஆறு மாதம் கழித்து விசாரித்தால், பாட்டில் மாடிப்படிக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கிறது என்று தெரியவரும். செயப்பாட்டு வினை. வைத்தவர் யார் என்பதற்கு வாக்கியத்தில் இடமில்லை.