கொப்பரை இல்லாமல் சிங்கப்பூர்

அவிநாசியில் ஒருவர் முதன்முறையாகச் சிங்கப்பூர் கிளம்புகிறார் என்றால், விசா வருவதற்கு முன்பே பருப்புப்பொடி வந்துவிடும். அப்புறம் அத்தை வீட்டு முறுக்கு, பெரியம்மா கொடுத்தனுப்பிய ஊத்துக்குளி நெய், காங்கயத்துச் சம்பந்தி வீட்டிலிருந்து ஒரு பை கொப்பரை. "அங்கெல்லாம் என்ன கண்ணு கெடைக்கப் போகுது, இதையும் ஓரமா வெச்சுக்கோ" என்று ஆளுக்கு ஒன்று திணிப்பார்கள். பெட்டிக்கு நாலே ஓரம்தான் என்பது யாருக்கும் உறைக்காது.

கோவையிலிருந்தே நேரடி விமானம் இருப்பதால் பயணம் சுலபம். ஈரோடு, சேலம் பஸ்ஸில் ஏறினாலும் டவுன் பஸ்ஸில் ஏறினாலும் விமான நிலையத்துக்குப் பக்கத்து நிறுத்தமான சித்ராவில் இறங்க வேண்டியதுதான். சிரமமெல்லாம் உள்ளே போனபிறகு, ஸ்கேனிங் மிஷின் பக்கத்தில்.

முதலில் கொப்பரை. 2022-லிருந்து அதைப் பெட்டியில் போட்டு அனுப்பக் கூடாது என்கிறது விமானப் பாதுகாப்புத் துறை. எண்ணெய்ச் சத்து அதிகம், சூடேறினால் தானாகவே தீப்பிடித்துவிடுமாம். நம்மவர்களுக்கு இது எப்படிப் புரியும்? களத்தில் காயப்போட்டு, அதற்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்கியவர்கள் நாம். சண்டை போடாதீர்கள், வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நெய் கைப்பையில் 100 மில்லிக்கு மேல் இருந்தால் அதுவும் போச்சு.

அடுத்தது கசகசா. குருமாவுக்கு அரைத்துவிட என்று பெரியம்மா ஒரு பொட்டலம் மடித்து வைத்திருப்பார். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் பிரிவு பார்க்கிற விவகாரம். அந்த விதையில் மார்ஃபின் ஒட்டியிருக்கலாம் என்று தடை செய்திருக்கிறார்கள். போதைப்பொருள் கடத்தினால் தூக்கு என்கிற ஊரில் போய், "இது குருமாவுக்குங்க சார்" என்று விளக்கிக்கொண்டு நிற்பது தேவையா? சூயிங்கம் இறக்குமதிக்கு 1992-லேயே தடை. வாயில் ஒதுக்கும் புகையிலையும் கூடாது. சிகரெட்டுக்கு ஒற்றைக் குச்சிகூட வரிவிலக்கு கிடையாது.

போய் இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். இது முழுக்க இலவசம். இதற்குக் காசு கேட்கும் தளங்கள் பல இருக்கின்றன, அரசாங்கத் தளத்தை மட்டும் பாருங்கள். அங்கே பிளக் சதுரக் கால் மூன்று உள்ள ரகம். நம் சார்ஜர் நுழையாது, அடாப்டர் வேண்டும்.

இதையெல்லாம் தாண்டி ஊருக்குள் போனால்தான் உண்மையான ஆபத்து. அதாவது, தமிழ். அங்கே நான்கு ஆட்சிமொழிகளில் அதுவும் ஒன்று. பள்ளம் தோண்டிய இடத்தில்கூட 'அபாயம்' என்று தமிழில் எழுதியிருப்பார்கள். சிராங்கூன் ரோட்டில் கோமள விலாஸ் 1947-லிருந்து இட்லி போடுகிறது. பக்கத்திலேயே தேக்கா மார்க்கெட், அங்கே முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் குவிந்து கிடக்கும். பெரியம்மாவின் பருப்புப்பொடி வெட்கப்பட்டுப் பைக்குள்ளேயே இருந்துவிடும். சீனர் பேட்டை நடுவில் 1827-லிருந்து மாரியம்மன் கோயில். வாசலில் செருப்பைக் கழற்றியதும் மனசு அவிநாசிக்குத் திரும்பிவிடுகிறது. ரயிலில் முறுக்கைப் பிரிப்பது இந்த நேரத்தில்தான். அங்கே ரயிலில் சாப்பிட்டால் 500 டாலர் வரை அபராதம்.

ஹாக்கர் சென்டர் என்ற பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில் காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால் உட்காராதீர்கள். ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு பஸ்ஸில் சீட் பிடிக்கிறோமே, அதேதான் அது. சாப்பிட்டு முடித்ததும் தட்டை நீங்களே எடுத்துப்போய் வைக்க வேண்டும். விருந்தில் இலையை மடித்துவிட்டுக் கம்பீரமாக எழுந்துபோகும் மாமாக்களுக்கு முதல் தடவை எழுத்தில் எச்சரிக்கை, அடுத்த தடவை 300 டாலர்.

டாலரை ரூபாயாக்கிப் பார்ப்பதை மட்டும் விமானத்திலேயே விட்டுவிடுங்கள். ஒரு டாலர் அறுபது ரூபாய்க்கு மேல். கொங்கு நாட்டு ஆள் டீக்கடை முன்னால் நின்று பெருக்க ஆரம்பித்தால் டீ இறங்காது. அந்த டீயிலும் கட்டிப்பால் ஊற்றித் தித்திக்கத் தித்திக்கத் தருவார்கள். சர்க்கரை உள்ளவர்கள் 'தே சி கோசோங்' என்று கேளுங்கள், இனிப்பில்லாத பால் டீ வரும். குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். பாட்டில் வாங்கவே வேண்டாம், அதில் மிச்சமாகும் காசு டீக் கணக்கை ஓரளவு ஆற்றும்.

நேரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். இரவு ஒன்பதரைக்கு, "சாப்டாச்சா கண்ணு?" என்று வீட்டிலிருந்து வீடியோ கால் வரும்போது அங்கே நடுராத்திரி. எடுத்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் தெருவே கூடிவிடும்.

திரும்பும்போது கோடாலித் தைலம் இல்லாமல் வரமுடியாது. யாருக்கு எத்தனை பாட்டில் என்று கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியாக பிளாஸ்டிக் பையில் கட்டிப் பெட்டியில் வையுங்கள். ஒன்று உடைந்தாலும் பெட்டியில் பக்கத்தில் இருக்கும் பட்டுச்சேலை போகிற கல்யாணத்தில் யாருக்கும் மூக்கடைப்பு இருக்காது.