ஜவ்வு விலகின மருமகனுக்கு

வா மருமகனே, உக்காரு. அய்யய்யோ, உக்காராத, உனக்கு உக்காந்தாத்தான கால்ல கரண்டு அடிக்குது. அந்தத் தூணைப் புடிச்சுக்கிட்டு நில்லு. நான் கட்டில்ல படுத்துக்கிட்டே சொல்றேன், வயசுக்குன்னு ஒரு மரியாதை வேணும்ல.

ஆபரேசனுக்கு நாள் குறிச்சாச்சாம்ல. உன் ஸ்கேன் படம் என் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே டீக்கடைக்குப் போயிட்டு வந்துருச்சு. மாஸ்டரு டியூப்லைட்டுக்கு நேரா அதைத் தூக்கிப் பிடிச்சுட்டு, “எல்ஃபோர் எல்ஃபைவ்ல பிதுங்கிருக்கு, ஒண்ணும் செய்யவேணாம், மிதிச்சு விட்டா உள்ள ஏறிக்கிரும்”ங்கிறாரு. பரோட்டாவைத் தவிர எதையும் பிச்சுப் பாக்காத மனுசன். மிதிக்க ஆளும் ரெடி, வாட்டர் டேங்குக்குக் கால் முளைச்ச கணக்கா ஒருத்தன். போயிப் படு. ஒரு மிதியில வலியும் தெரியாது, காலும் தெரியாது.

விசயம் இம்புட்டுத்தான்யா. இடுப்புல முள்ளெலும்பு அஞ்சு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவுல ஜவ்வு. அதுக்குள்ள இருக்கிற கூழு பிதுங்கி வந்து நரம்பை அமுக்குது. அதான் கோளாறு இடுப்புல, கூப்பாடு கெண்டக்கால்ல. இது வெள்ளைக்காரனுக்கே ரொம்ப நாளாப் பிடிபடலை. அமெரிக்காவுல பாஸ்டன்ல மிக்ஸ்டர், பார்னு ரெண்டு டாக்டருங்க அறுத்துப் பாத்து, 1934-ல எழுதிக் காட்டின பெறகுதான் உலகம் ஒத்துக்கிச்சு. பாவம், அவங்களுக்கு நம்ம மாஸ்டரைத் தெரியாமப் போச்சு.

முக்காவாசிப் பேருக்கு இது ஆறு வாரம், எட்டு வாரத்துல கத்தி படாமலே அடங்கிரும். உனக்கு அடங்கலை. போன வெள்ளிக்கிழமை கோயில் வாசல்ல ஒத்தச் செருப்போட வந்து நின்ன பாரு, இன்னொண்ணு கழண்டு விழுந்தது உன் பாதத்துக்கே தெரியலை, அப்பவே முடிவு பண்ணிட்டேன் இது டாக்டர் கை வைக்க வேண்டிய கேஸுன்னு. இன்னொண்ணு கேட்டுக்க, இதுல வெளாட்டு இல்லை. ஒண்ணுக்கு வர்றது தெரியாமப் போனாலோ, உக்கார்ற எடம் பூராம் மரத்துப் போனாலோ, குறிச்ச தேதி வரட்டும்னு இருக்கப்படாது. அன்னைக்கு ராத்திரியே ஓடணும்.

சிகரெட்டை மட்டும் விட்றாதப்பா. ரத்தம் ஓடாம, புண்ணு ஆறாம, ஆஸ்பத்திரி ரசஞ்சோத்தை இன்னும் நாலு நாள் கூடத் திங்கலாம். திண்ணைக்கு அடியில ஒளிச்சு வச்சிருக்கியே லேகியம், அதையும் டாக்டர்கிட்டச் சொல்லாத. ரத்தத்தை எளக்குற மாத்திரை எது, லேகியத்துல என்ன கெடக்குன்னு தெரியாம அவரு கத்தியை வைக்கட்டும், அவருக்கும் ஒரு த்ரில்லு வேணும்ல. சுகர் ஏறிக் கெடந்தா எறங்கட்டும்னு நாளைத் தள்ளுவாங்க, அதுக்கு அவங்களைத் திட்டாத. அப்பறம், முதுகு முடியை நாமளே வழிச்சுட்டுப் போயிருவோம்னு பிளேடைத் தூக்காத. பிளேடு கீறின எடத்துல கிருமி குடியேறிரும். வழிக்கணும்னா அவங்களே பாத்துப்பாங்க.

வெறும் வயித்தோட வரச் சொல்லுவாங்க. கொறைஞ்சது ஆறு மணி நேரம், கறி எண்ணெய்ப் பலகாரம்னா அதுக்கும் கூட. எங்கக்கா, அதான் உங்காத்தா, “ஒரே ஒரு இட்லி, தொண்டை நனையத்தான”ன்னு முந்தானைக்குள்ள இருந்து எடுத்து நீட்டுவா. வாங்கிராத. மயக்க மருந்து குடுத்த பெறகு அந்த இட்லி மேல ஏறி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா, முதுகு டாக்டரு கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டியதுதான்.

வீட்டுல ரெண்டு வேலை இருக்கு. கொல்லைக் கக்கூஸ்ல குத்தவைக்கிறதெல்லாம் இனி கொஞ்ச நாளைக்கு நடக்காது. நடுவுல ஓட்டை போட்ட பிளாஸ்டிக் சேர் பஜார்ல விக்குது, கவுரவம் பாக்காம வாங்கிரு. தரையில பாயைப் போடாத, கட்டில் போடு. எடுத்துப் புழங்குற சாமானெல்லாம் இடுப்பு ஒசரத்துல இருக்கட்டும். உன் பொண்டாட்டிகிட்ட இதைச் சொல்லு, இத்தனை வருசமா அவ குனிஞ்சு எடுத்ததெல்லாம் அன்னைக்காச்சும் உன் கண்ணுல படும்.

ஆபரேசன் முடிஞ்சு கட்டில்ல இருந்து எந்திரிக்கிறப்ப, சினிமாக் கதாநாயகன் கணக்கா விருட்டுன்னு நெஞ்சை நிமித்தாத. ஒருக்களிச்சுப் படு, தோளும் இடுப்பும் முழங்காலும் ஒண்ணாத் திரும்பணும், காலைத் தொங்கப் போட்டுக்கிட்டே கையை ஊண்டி எந்திரி. நர்சம்மா சொல்லித் தரும். அந்தப் புள்ளை எதிர்க்க வீரத்தைக் காட்டாத.

வலி மாத்திரை மலத்தைக் கட்டும். முக்குனா இடுப்புதான் கத்தும். கொய்யா, கீரை, தண்ணின்னு இரு. பாக்க வர்ற சொந்தக்காரன் ஆப்பிளைக் கொண்டாந்து உன் கட்டில்லயே ஏறி உக்காந்து, யாருக்கு எங்க ஆபரேசன் பண்ணி எப்படிக் கோணலாச்சுங்கிற கதையத்தான் பேசுவான். ஆப்பிளை வாங்கிக்கிட்டு கண்ணை மூடிக்க.

படுத்தே கெடந்தா ரத்தம் கெண்டக்கால்ல கட்டிக்கிரும், அதனால அன்னைக்கோ மறுநாளோ நடக்க விட்ருவாங்க. வாசலுக்கும் கொல்லைக்கும் நட. அமெரிக்கா ஜனாதிபதி கென்னடி இருந்தாருல்ல, அவருக்கு 1954-ல முதுகுல தகடு வச்சாங்க. கிருமி பிடிச்சு, பாதிரியார் வந்து கடைசி ஜெபம் சொல்ற அளவுக்குப் போயி, மறு வருசம் தகடை உருவி எடுத்தாங்க. அப்பெல்லாம் அப்படி, இப்ப மைக்ராஸ்கோப் வச்சு விரக்கடைக் கீறல்ல முடிச்சிர்றான். சொல்ல வந்தது அதில்லை. அவரு படுத்துக் கெடந்த நேரத்துல ஒரு புத்தகம் எழுதினாரு, கூட ஒருத்தர் ஒத்தாசை. 1957-ல புலிட்சர் பரிசே குடுத்தாங்க. நீ ரீல்ஸ் பாப்ப, தெரியும். அதையாவது குனிஞ்சு பாக்காம போனைத் தூக்கிப் பிடிச்சுப் பாரு.

இனிமேதான் மருமகனே வெனை. நல்லா நடந்துச்சுன்னா கால் வலி மறுநாளே காணாமப் போயிரும். மரமரப்புதான் போறதுக்கு மாசக்கணக்காகும். வலி போன ஆம்பளையை நம்பவே கூடாது. ஆறாம் நாள் தண்ணி லாரி வரும், பொண்டாட்டி ஒத்தையில நிப்பா, உனக்கு ரோசம் பொத்துக்கிட்டு வரும். தூக்கு. நல்லா இடுப்பைத் திருப்பிக் குடத்தை எறக்கு. தச்ச தோலு மேல அழகாத்தான் இருக்கும், உள்ள ஜவ்வுல ஓட்டை இன்னும் ஆறியிருக்காது. ரெண்டாவது தடவை அறுக்கிறதுக்கு யாரும் தள்ளுபடி தர்றதில்லை. ஆறு வாரத்துக்குக் குனியாத, தூக்காத, இடுப்பை முறுக்காத. அரை மணிக்கு மேல ஒரே எடத்துல உக்காராத. காய்ச்சல் அடிச்சா, தையல்ல நீர் கசிஞ்சா, ஒத்தக் கெண்டக்கால் மட்டும் வீங்கினா, மாஸ்டருக்குப் போன் பண்ணாம டாக்டருக்குப் பண்ணு.

வண்டி ஓட்டுறது அவரு சரின்னு சொன்ன பெறகுதான். நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கரு உனக்குத் தெரியாததா? அதனால அந்தப் புல்லட்டுச் சாவியைக் கையோட இங்கிட்டு வச்சுட்டுப் போயிரு. சும்மா நின்னா பேட்டரி எறங்கிரும். என்ன முறைக்கிற? எனக்கு ஆபரேசன் ஆகி வருசக்கணக்காச்சுய்யா, என் இடுப்பு தாங்கும். டேங்கை ரொப்பி வச்சிருக்கேல்ல?