கடலற்ற மாவட்டத்தில் படகுக்கு வண்ணம் பூசுதல்

காஞ்சிபுரம் மாவட்டத்திற்கு இன்று கடல் கிடையாது. 2019 நவம்பர் 29 அன்று செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரிந்தபோது கோவளம், மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் உள்ளிட்ட கரை முழுவதும் அதனோடு போய்விட, அந்தப் பாகப்பிரிவினையில் காஞ்சிபுரத்தின் பங்குக்குப் பட்டும் கோயில்களும் தொழிற்சாலைகளும் ஏரிகளும் மிஞ்சின. ஆகவே தென்னேரியில் ஒருவர் தம் வீட்டு வாசலில் ஒரு சிறு பைபர் படகைக் கவிழ்த்துப் போட்டு அதற்கு வண்ணம் பூச முற்பட்டால், தெருவோடு போகிறவர் அனைவரும் நின்று விளக்கம் கேட்பது இயல்பேயாகும். விளக்கம் ஊருக்கு அருகிலேயே பரந்து கிடக்கிறது. மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்றான தென்னேரி ஏரியைத் திரையன் என்னும் பழந்தலைவனோடு இணைத்துப் பேசுவது மரபு. அத்தகைய நீர்ப்பரப்பை வைத்துக்கொண்டு படகு எதற்கு என்று கேட்பவரே விடை சொல்லக் கடமைப்பட்டவர்.

ஏரியில் படகு விடுவது புதுமையுமன்று. ஏரியின் அடியில் படியும் வண்டலை வாரி எடுப்பதற்கென்றே ஓடங்களை நிறுத்தி, அவற்றை இயக்குவோரின் கூலிக்கு அறக்கட்டளை வைத்த செய்தி சோழர் காலக் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. ஓடம் தூர் வாரினால் போதும், அது எந்த நிறத்தில் இருந்தால் என்ன என்னும் தெளிவு அக்காலத்தில் இருந்திருக்க வேண்டும்.

இக்காலத்தவர் முதலில் பார்ப்பதே நிறத்தைத்தான். ஆயினும் படகுக்கு வண்ணம் பூசும் கலையில் வண்ணம் என்பது இறுதியில் வரும் மிகச் சிறிய பகுதி என்பதும், அதற்கு முந்தைய உழைப்பு யார் கண்ணுக்கும் படாமல் அடியில் மறைந்துபோவது என்பதும் தொடங்கியவருக்கு மூன்றாம் நாளில்தான் விளங்கும். பைபர் படகின் வெளிப்புறத்தில் ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான பிசின் அடுக்கு ஒன்று உண்டு. படகு அச்சிலிருந்து ஒட்டாமல் கழன்று வருவதற்காக அச்சில் தடவப்படும் மெழுகின் எச்சம் அவ்வடுக்கின்மேல் தங்கியிருக்கும். மெழுகை நீக்குமுன் உப்புத்தாளால் தேய்த்தால் மெழுகு போகாது, கீறல்களுக்குள் இன்னும் ஆழமாக அமர்ந்துகொள்ளும். அதன்மேல் எத்தனை விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அடுத்த பருவத்தில் அது தோல் உரிவதுபோல் தாள் தாளாக எழும்பி வரும். மெழுகு போய்விட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: துடைத்த பரப்பில் ஒரு சொம்பு நீரை ஊற்றினால் அது ஒரே படலமாகப் பரவி வழிய வேண்டும், முத்து முத்தாகத் திரண்டு நின்றால் டின்னரும் துணியுமாக மீண்டும் தொடங்க வேண்டும். இச்சோதனையை வீட்டிலுள்ளோர் பார்க்கும்போது செய்யாதிருப்பது நலம். தண்ணீர் லாரியை எதிர்பார்த்திருக்கும் நாளில் படகின் முதுகில் சொம்பு சொம்பாக நீர் ஊற்றும் குடும்பத்தலைவரைப் பற்றி ஊரில் எழும் கருத்து எளிதில் மாறுவதில்லை.

அடுத்தது தேய்ப்பு. முதலில் 80 அல்லது 120 எண் தாள், பின்னர் 220, அதன்பின் நீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர் என்று, எண் கூடக் கூட மணல் நுண்மையாகிச் செல்லும் வரிசை அது. எழும் வெண்தூள் புருவத்திலும் துளசி மாடத்திலும் பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டியிலும் ஒரே சமநீதியுடன் படியும். அதில் கண்ணாடி இழையின் துகள் கலந்திருப்பதால் முகமூடியும் முழுக்கைச் சட்டையும் இன்றியமையாதவை. இவற்றைத் தவிர்த்த வீரர்கள் அன்றிரவு முழுவதும் கையைச் சொறிந்துகொண்டிருப்பர்.

பிரைமர் என்பது பரப்புக்கும் பெயிண்டுக்கும் இடையே நின்று இரண்டையும் பற்றிப் பிடிக்கும் அடிப்பூச்சு. அதைக் கடைக்காரரின் வருமானத்திற்காக ஏற்பட்ட சடங்கு என்று கருதுவோர் எல்லா ஊரிலும் உண்டு. அவர்களுள் ஒருவர், இரும்புக் கேட்டுக்கு அடித்ததுபோக மீந்த ரெட் ஆக்சைடு வீட்டில் இருக்கிறதே, அதையே அடித்தால் என்ன என்று தவறாமல் கேட்பார். ரெட் ஆக்சைடு பிரைமர் இரும்பைத் துருவிலிருந்து காப்பதற்குரியது. பைபர் படகில் துருப்பிடிக்க ஏதுமில்லை. இங்கு வேண்டுவது இரண்டு டப்பாக்களாக வரும் எப்பாக்ஸி பிரைமர். ஒன்றில் பிசினும் மற்றதில் ஹார்டனர் என்னும் இறுக்கியும் இருக்க, குறித்த விகிதத்தில் கலந்த நொடியிலிருந்து வேதிவினை தொடங்கிவிடும். கலவை பூசத்தக்க நிலையில் நீடிக்கும் நேரம் வெயில் ஏற ஏறச் சுருங்கும். சித்திரை மாதத்தில் முழு டப்பாவையும் ஒரே தடவையில் கலந்துவிட்டு, சம்பந்தி வீட்டிலிருந்து வந்த தொலைபேசி அழைப்பை எடுத்தவர் திரும்பி வந்து பார்க்கையில், டப்பா கையைச் சுட, அதனுள் பிரஷ் கொடிமரம்போல் அசையாமல் நிற்கக் காண்பார். மேலும், ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி இவ்வளவுதான் என்று டப்பாவில் அச்சிட்டிருப்பர். அது கடந்துவிட்டால் மறுபடியும் தேய்க்க வேண்டும். இந்த வரம்பு முகூர்த்த மாதங்களை அறியாத யாரோ வகுத்தது.

பூசும் பொழுதும் தானாக அமைவதில்லை. காற்றிலுள்ள ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். பூசப்படும் பரப்பு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொதுவிதி. இல்லையெனில் கண்ணுக்குத் தெரியாத ஈரத்தின்மேல் பெயிண்ட் அமர்ந்து பளபளப்பை இழக்கும். மாறாக உச்சி வெயிலில் பூசினால் மேல்தோல் மட்டும் காய்ந்து, அடியில் சிக்கிய கரைப்பான் கொப்புளமாகக் கிளம்பும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்கு உரியவை. எஞ்சுவது மாசி, பங்குனி மாதங்களின் காலைப் பொழுது, அதாவது பனி உலர்ந்த பின்னும் வெயில் ஏறும் முன்னும் உள்ள சிறிய இடைவேளை. செய்தித்தாளும் இரண்டாவது காபியும் அதே நேரத்தைத்தான் கேட்கின்றன.

நிறத் தேர்வு தனிமனிதர் தீர்மானிக்கக்கூடியதன்று. அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலிய குழுக்களுக்குக் குடவோலையால் ஆள் தெரிவு செய்த முறையை விதிக்கின்றன. வேட்பாளருக்கு வயது 35க்கு மேலும் 70க்குள்ளும் இருக்க வேண்டும், முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் கூடாது என்பன அவற்றுள் சில. படகின் நிறத்தை முடிவுசெய்யக் கூடும் குழுவுக்கு இத்தகைய தகுதி எதுவும் வேண்டியதில்லை. மைத்துனர் கட்சிக் கொடியின் நிறங்களைப் பரிந்துரைப்பார். கல்லூரி செல்லும் மகன் உலோக மினுக்கம் வேண்டுமென்பான். பாட்டி முகப்பில் இரு கண்கள் எழுதச் சொல்வார். இவற்றுள் பாட்டியின் கருத்துக்கே ஆய்வுச் சான்று உண்டு: சென்னை மாகாண மீன்வளத்துறையின் தலைவராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், படகின் முகப்பில் கண் எழுதும் வழக்கத்தைப் பற்றித் தனியே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மகனுக்கும் முன்னோடி இல்லாமலில்லை. 1917 இல் நார்மன் வில்கின்சன் என்ற ஓவியர், எதிரி நீர்மூழ்கியின் கணிப்பைக் குழப்புவதற்காகப் பிரிட்டிஷ் கப்பல்களில் தாறுமாறான பட்டைகளைத் தீட்டச் செய்தார். தென்னேரியில் குழப்பப்பட வேண்டிய எதிரி கொக்கு மட்டுமே.

கடலோரத்தில் இவ்வளவு சுதந்திரம் இல்லை. 2004 டிசம்பர் ஆழிப்பேரலைக்குப் பின் வந்த பைபர் படகுகள் பலவற்றின் விலாவை அவற்றை வழங்கிய அமைப்புகளின் பெயர்களே நிறைத்தன. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, மீன்பிடிப் படகு எந்த மாநிலத்தது என்பது தொலைவிலிருந்தே தெரியும்படி மாநிலந்தோறும் தனி நிறம் வகுக்கப்பட்டது. ஏரிப் படகு இந்தக் கட்டுக்குள் வராது. வீட்டுச் சுவருக்கு வாங்கி மீந்த இளம்பச்சையையே அதற்கும் அடித்துவிடத் தடை ஏதுமில்லை. ஆனால் சுவருக்குரிய எமல்ஷன் நீரில் மூழ்கிக் கிடப்பதற்காகச் செய்யப்பட்டதன்று.

கடைக்காரர் விற்க விரும்பும் மற்றொரு பொருள், படகின் அடிப்புறத்தில் கொட்டலசு போன்ற உயிரினங்கள் ஒட்டாமல் தடுக்கும் செம்புச் சேர்மப் பூச்சு. பிரிட்டிஷ் கடற்படை 1761 இல் அலார்ம் என்னும் கப்பலின் அடியில் செம்புத் தகடு பொருத்திப் பார்த்ததும், கடலுயிர்களுக்குக் கேடு விளைவித்த டிரைபியூட்டைல் டின் பூச்சுகளைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 2008 இல் நடைமுறைக்கு வந்ததும் இத்துறையின் வரலாறு. கொட்டலசு உவர்நீரில் வாழ்வது. மழைநீர் ஏரியில் நாள் முழுதும் விடாமல், மாலையில் கரையேற்றிக் கவிழ்த்து வைக்கப்படும் படகுக்கு அந்தச் செலவு வீண்.

வேலை முடிந்தபின் பிரஷ்ஷை ஏரியில் கழுவ வேண்டாம். மீந்த எப்பாக்ஸியை டப்பாவிலேயே கல்லாக இறுகவிட்டு அப்புறப்படுத்துக. அழுக்கேறிய டின்னரை மூடி வைத்தால், தெளிந்த மேற்பகுதி அடுத்த முறை பிரஷ் கழுவ உதவும்.